பாடக்குறிப்பை எந்த முனையிலிருந்து எழுதத் தொடங்குவது?

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் தலைமையாசிரியரின் மேசையில் பாடக்குறிப்பேடுகள் அடுக்காகச் சேர்ந்துவிடும். கையொப்பம் ஆனதும் அவை ஆசிரியர் அறை அலமாரிக்குப் போகும்; அடுத்த திங்கட்கிழமை வரை அவற்றை யாரும் திறப்பதில்லை. பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் நானும் இப்படித்தான் இருந்தேன். மூத்தவர் ஒருவருடைய பழைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, தேதியை மட்டும் மாற்றி, அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்துவிடுவேன். அதன் பலனை ஓர் அக்டோபர் மாதத்தில் அனுபவித்தேன். ஆவியாதல் பாடத்திற்கு, ஈரக் கைக்குட்டை ஒன்றைச் சன்னல் கம்பியில் காயப்போட்டு, பாடவேளை முடிவதற்குள் அது காய்ந்துவிடுவதைக் காட்டவேண்டும் என்று குறிப்பில் இருந்தது. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டை மறுநாள் காலையிலும் ஈரமாகவே தொங்கியது. அந்தக் குறிப்பை முதலில் எழுதியவர் பாடத்தை ஜூலை வெயிலில் நடத்தியிருக்கவேண்டும். "ஏன் காயவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றிய நல்ல பாடம் ஒன்று கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்ததை உணர்ந்தேன். அதை நடத்தும் அளவுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எந்தப் பாடத்தை நடத்துபவராயினும், வகுப்பறையில் உண்மையில் கைகொடுக்கும் குறிப்பை எழுத விரும்பும் புதிய ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சென்னையைச் சேர்ந்தவை. வேறு ஊரில் இருப்பவர் தம் ஊர் ஏரியையும் கடைத்தெருவையும் அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி ஐந்து நிமிடத்தை முதலில் எழுதுங்கள்

கற்றல் விளைவுகள், அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்ற வரிசை நம் ஆசிரியர்களுக்கு மனப்பாடம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் தொடக்க வகுப்புகளுக்கு உரியதாக இருந்தது. அதையடுத்து நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தபோது இந்தப் படிநிலைகள் குறிப்பேட்டில் நிலைபெற்றன. அதற்கு முன்பு கல்வியியல் கல்லூரிகளில் பயின்றவர்கள் ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் பெயரால் வழங்கும் ஐந்து படிகளைப் பின்பற்றினார்கள். இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இவை பாடம் நடத்தும் வரிசையே தவிர, ஆயத்தம் செய்யும் வரிசை அல்ல. அறிமுகத்திலிருந்து எழுதத் தொடங்குபவர் ஒரு கதையையோ புதிரையோ தேடி அரைமணி நேரம் செலவிட்டுவிட்டு, மதிப்பீட்டுப் பகுதிக்கு வரும்போது களைத்துப்போய், "பாடநூல் வினாக்கள் 1 முதல் 5 வரை" என்று எழுதி முடித்துவிடுகிறார்.

எனவே படிவத்தில் மதிப்பீடு என்ற கட்டத்தை முதலில் நிரப்புங்கள். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, கால் தாளில் ஒவ்வொரு மாணவரும் தனியாக விடை எழுதவேண்டிய ஒரே ஒரு வினா அது. அந்த வினா கிடைக்கும் வரை மற்றவற்றை எழுதவேண்டாம். வினாவை எழுதிவிட்டு, அதற்கு மாணவர்கள் தரக்கூடிய தவறான விடைகள் இரண்டையாவது பக்கத்தில் எழுதுங்கள். குறிப்பின் உயிர்நாடி அந்த இரண்டு வரிகள்தாம். மாணவர் எங்கே வழுக்கி விழுவார் என்று ஊகிக்க முடியாத பாடத்தை, நாமே இன்னும் ஒருமுறை படித்துப்பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

கற்றல் விளைவை எழுதும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். "சதவீதத்தைப் புரிந்துகொள்வர்" என்பதை யாராலும் பார்க்க முடியாது. "வெவ்வேறு கொள்ளளவுள்ள இரண்டு ஏரிகளில் எது அதிகம் நிரம்பியுள்ளது என்பதைச் சதவீதத்தைக் கொண்டு தீர்மானிப்பர்" என்பதைத் தாளில் பார்க்கலாம். பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டிலிருந்து வினைச்சொற்களின் பட்டியலை எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் ஆசிரியர் அறைகள் உண்டு. பட்டியல் இல்லாவிட்டாலும் குறையில்லை. எழுதிய வினை, வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

"புரிந்ததா?" என்று கேட்பதை மதிப்பீடாகக் கொள்ளவேண்டாம். நாற்பது பேரும் ஒரே குரலில் "புரிந்தது" என்று சொல்லப் பழகியவர்கள்.

ஒரு பாடத்தை முழுமையாக எழுதிப் பார்ப்போம்

ஏழாம் வகுப்புக் கணக்கில் சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. நாளிதழ்களிலும் அது வருகிறது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. வீட்டில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த நினைவுள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஏரிகள் வறண்ட 2019ஆம் ஆண்டுக் கோடையைப் பெற்றோர் சொல்லக் கேட்டவர்களுக்கு, இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல.

முதலில் கடைசி வினா: "பூண்டியிலும் புழலிலும் இன்று தலா 1,600 மில்லியன் கன அடி நீர் இருக்கிறது. எந்த ஏரி அதிகம் நிரம்பியுள்ளது? கணக்குப் போடாமல் சொல்லவும். காரணத்தை ஒரு வரியில் எழுதவும்." எதிர்பார்க்கும் தவறான விடைகள் இரண்டு. நீர் சமமாக இருப்பதால் இரண்டும் சமம் என்பது ஒன்று. புழல் பெரியது, எனவே அதுவே அதிகம் நிரம்பியது என்பது மற்றொன்று. சரியான விடை பூண்டி. அதே அளவு நீர், சிறிய ஏரியில் இருக்கிறது. இந்த வினாவில் வகுத்தல் திறமை கலக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சதவீதம் எதற்காக என்ற ஒன்றை மட்டுமே அது சோதிக்கிறது. வகுத்தலில் தடுமாறும் மாணவரும் இதற்கு விடை சொல்லலாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் தடுமாறலாம்.

வினா முடிவானதும் அறிமுகம் தானாக வந்து நிற்கும். கரும்பலகையில் ஒரு பெரிய செவ்வகமும் ஒரு சிறிய செவ்வகமும் வரைந்து, செம்பரம்பாக்கம், சோழவரம் என்று பெயரிடுங்கள். முதல் கணக்குக்கு எண்களை முழுமைப்படுத்திக்கொள்வது நல்லது: 3,600இல் 1,800, 1,080இல் 810. எதில் தண்ணீர் அதிகம் என்று கேட்டால் எல்லோரும் செம்பரம்பாக்கம் என்பார்கள், அது சரி. எது அதிகம் நிரம்பியிருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிந்ததும் விடையைச் சொல்லிவிடாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள். அந்த இரண்டு நிமிடச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதற்குப் பழகவேண்டும்; அடுத்த அறை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவைப்பதும் நல்லதே. பிறகு ஒன்று பாதி, மற்றொன்று முக்கால் என்று பின்னத்திற்கு வந்து, அதிலிருந்து 50 சதவீதம், 75 சதவீதம் என்று நகர்ந்து, அதன்பின் முழுமைப்படுத்தாத உண்மையான எண்களுக்குப் போகலாம்.

மூன்றாவது கட்டமாக அன்றைய நாளிதழில் வந்த இருப்பைக் கொடுத்து, குழுவுக்கு ஓர் ஏரியாகச் சதவீதம் காணச் செய்யுங்கள். எண்கள் கரடுமுரடாக வரும். ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். தொடர்பணியாக, 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் சேரும் என்று கேளுங்கள். விடை 1,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை, வீட்டில் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி தூர்ந்து கிடப்பதைப் பற்றி அன்றைக்கே கேள்வி கேட்கும்.

இந்தப் பாடத்திற்குத் தேவைப்பட்ட கருவிகள் சுண்ணக்கட்டியும் ஒரு நாளிதழும்தான். துணைக்கருவி என்றதும் சார்ட் தாளும் தெர்மாகோலும் வாங்கப் பாரிமுனைக்கு ஓடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அவற்றில் பாதி, பார்வையிட வருபவர்களுக்காகச் சுவரில் தொங்குபவை.

நாற்பது நிமிடம் நாற்பது நிமிடம் அல்ல

பாடவேளை நாற்பது நிமிடம் என்று கால அட்டவணையில் இருந்தாலும், முந்தைய ஆசிரியர் வெளியேறி, பலகை துடைக்கப்பட்டு, வருகை பார்த்து, தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பிவரும்போது ஏழெட்டு நிமிடம் கரைந்திருக்கும். கடைசி ஐந்து நிமிடம் கால்தாள் வினாவுக்கு. ஆக, கையில் இருப்பவை இருபத்தேழு அல்லது இருபத்தெட்டு நிமிடங்கள். அதற்குள் புதிய கருத்து ஒன்றுதான் அடங்கும். இரண்டைத் திணித்தால் கால்தாள் வினாதான் முதலில் பலியாகும். குறிப்பின் ஓரத்தில் ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதாமல், எத்தனை மணிக்கு அது முடியவேண்டும் என்று எழுதிப் பாருங்கள். 11.25க்கு வாதம் முடியவேண்டும் என்று இருந்தால் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாலே போதும். நடுவகுப்பில் கூட்டல் கழித்தல் செய்யவேண்டியதில்லை.

மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளைக்கு நீண்ட வாசிப்பை வைக்கவேண்டாம். விளையாட்டுப் பாடவேளைக்குப் பிந்தையதற்கு, வந்து அமர்ந்ததும் எழுதத்தக்க சிறு வேலை ஒன்றைப் பலகையில் முன்பே எழுதிவையுங்கள்.

பலகையையும் திட்டமிடலாம். இடது பக்கம் அன்றைய புதிய சொற்கள், நடுவில் பாடம், வலது ஓரத்தில் அழித்து எழுதும் இடம் என்று பிரித்து, அந்தப் படத்தைக் குறிப்பிலேயே சிறிதாக வரைந்துகொண்டால், பாடத்தின் முக்கியச் சொல்லைத் தவறுதலாக அழித்துவிட்டு மீண்டும் எழுதும் அவதி இருக்காது.

ஊரே துணைக்கருவி

அறிவியல் ஆசிரியருக்கு ஆகஸ்ட் 18 ஒரு வரப்பிரசாதம். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஆண்டில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி வருவது தேர்வோ விடுமுறையோ குறுக்கிடும் காலம். ஆகஸ்ட் 18ஐ ஒட்டி வருவதோ பள்ளி நடக்கும் நாள்களில். ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நட்டு, 12.10 முதல் 12.15 வரை நிழலைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாளை மட்டும் நம்பவேண்டாம், மேகம் கைவிட்டுவிடும். ஒரு வாரம் முன்பே தொடங்கினால், அப்போது நிழல் நான்கு சென்டிமீட்டர் அளவில் தெற்கே விழுந்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே அளவில் வடக்கே விழும். நண்பகல் நிழல் தெற்கே விழும் என்பதைப் பெரியவர்களே நம்ப மறுப்பார்கள். சரியாக 12 மணிக்கு ஏன் இது நிகழவில்லை என்ற கேள்வி கட்டாயம் எழும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது என்ற விடை, சமூக அறிவியல் ஆசிரியரை உங்கள் வகுப்புக்கு அழைத்துவர நல்ல சாக்கு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையைக் குறிப்பிலேயே எழுதிவையுங்கள்.

அமிலம், காரம் பாடத்திற்குச் சமையலறை மஞ்சள்தூளே போதும். மஞ்சள் தடவிய தாளில் சோப்புநீர் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மாற்றம் இராது. செம்பருத்திச் சாறு இரண்டையும் காட்டிக்கொடுக்கும். மின்சுற்றுப் பாடத்திற்கு எல்இடி, பட்டன் பேட்டரி, கம்பி எல்லாம் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முதல்நாள் ஒவ்வொரு எல்இடியையும் எரித்துப் பார்த்துவிடுங்கள். எல்லாக் குழுவிலும் விளக்கு எரிந்து ஒரு குழுவில் மட்டும் எரியாவிட்டால், அந்தப் பிள்ளைகள் தம் கைமேல்தான் பழியைப் போட்டுக்கொள்வார்கள்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்குப் பரங்கிமலையைவிடப் பொருத்தமான முன்னுரை கிடையாது. வில்லியம் லாம்டன் 1802இல் அந்த மலையின் அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்துதான், பின்னாளில் இமயம் வரை சென்ற பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் அறிந்தால் நடந்துபோகாமலே தூரத்தை அறியலாம் என்பதை இதைச் சொல்லி விளக்கிவிட்டு, பாகைமானி, நூல், நூலில் கட்டிய நட்டு ஆகியவற்றைக் கொண்டு மாணவர்களே ஏற்றக்கோணமானி செய்து, பள்ளியின் மேல்நிலைத் தொட்டியின் உயரத்தைக் கண்டறியட்டும். எதிர்பார்க்க வேண்டிய தவறு ஒன்றே: அளப்பவரின் கண்மட்ட உயரத்தைக் கூட்ட மறந்துவிடுவார்கள். முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். எல்லாக் குழுக்களின் விடையும் ஏன் உண்மை உயரத்தைவிட ஒன்றரை மீட்டர் குறைந்து நிற்கிறது என்று அவர்களே தேடட்டும்.

வரலாற்றுப் பாடத்திலும் இதே நிலைதான். பழைய கற்காலத்தை நடத்துபவர், இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் கற்கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில் என்பதிலிருந்து தொடங்கலாம். மின்ரயிலில் நாள்தோறும் அந்த நிலையத்தைக் கடக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அவர் திரட்டிய தொகுப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழைத்துச் செல்வதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. மேலும், "எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதுக" என்று விட்டுவிடாமல், ஒரே காட்சிக்கூடத்தில் மூன்றே பொருள்களைத் தேடிக் கண்டுபிடித்து வரைந்துவரும் தாள் ஒன்றைக் கையில் கொடுங்கள். முதல் உலகப்போரைத் தொடங்க, "அவன் சரியான எம்டன்" என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதுண்டா என்று வினவலாம். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னை மீது குண்டுவீசித் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுத் தப்பிய கதை, அந்தச் சொல்லின் வழியாக இன்றும் வீடுகளில் உலவுகிறது.

தமிழாசிரியருக்குக் கடைத்தெருவே இலக்கண நூல். வல்லினம் மிகும் இடங்களை நடத்தும் வாரத்தில், வீட்டுக்குப் போகும் வழியில் ஐந்து பெயர்ப்பலகைகளை உள்ளது உள்ளபடி எழுதிவரச் சொல்லுங்கள். "மளிகை கடை", "துணி கடை" என்று ஒற்று விழுந்துபோன பலகைகள் குவியும். மளிகைக் கடையில் ஏன் மிகுகிறது, பெரிய கடையில் ஏன் மிகவில்லை என்ற ஒரே கேள்வியைச் சுற்றி ஒரு பாடவேளையை நடத்திவிடலாம். உருபும் பயனும் உடன்தொக்க தொகையும் பெயரெச்சமும் அங்கே தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். கடைக்காரரைக் கேலி செய்யும் வேலையாக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு. வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா வைத்த பலகையாகவும் அது இருக்கலாம்.

ஆங்கிலப் பாடத்திற்கு மெட்ரோ ரயிலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வரும் அறிவிப்புகள் போதும்: தமிழ் அறிவிப்பை நீங்கள் சொல்லுங்கள், ஆங்கில அறிவிப்பை அவர்கள் அமைக்கட்டும்.

காணொலியும் செயலியும்

2018-19ஆம் கல்வியாண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் (QR) குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றின் வழியே தீக்ஷா தளத்தில் உள்ள காணொலிகளுக்குப் போகலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளும் உண்டு. நல்லவை பல இருக்கின்றன. இருந்தாலும், முழுமையாக முதலில் நீங்கள் பார்க்காத காணொலியை வகுப்பில் ஓடவிடக் கூடாது. பத்து நிமிடக் காணொலியில் உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடப் பகுதி. அது எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே நிறுத்தி என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். இணையம் வகுப்பறையில் கிடைக்கும் என்று நம்பாமல் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பாடக்குறிப்பு கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். குறிப்பு ஒரு நொடியில் வந்துவிடுகிறது. அந்தப் பழைய குறிப்பேட்டைப் படியெடுத்த என் வேலைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கலைச்சொல் பிசகுவதும் உண்டு. நம் பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. இரண்டையும் வேகம் என்றே எழுதித்தரும் குறிப்பை நம்பி நடத்தினால் தேர்வில் நஷ்டம் மாணவருக்கு. தவறான விடைகளை ஊகிக்க அவற்றைப் பயன்படுத்துவது வேறு விஷயம், "இந்த வினாவுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை என்னென்ன தவறு செய்யும்?" என்று கேட்டால் சில நேரம் நமக்குத் தோன்றாத ஒன்றும் வருகிறது.

ஒரே வகுப்பில் மூன்று நிலை

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பிலும் மூன்று நிலையினர் இருக்கிறார்கள். பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. மூன்று தனித்தனிக் குறிப்பு எழுதுவது நடைமுறையில் இயலாது. ஒரே வினாவுக்கு மூன்று வாயில் வைக்கலாம்: ஏரிக் கணக்கில் ஒருவர் முழுமைப்படுத்திய எண்ணோடு நிற்கலாம், ஒருவர் உண்மை எண்ணைப் போடலாம், விரைந்து முடித்தவர் நான்கு ஏரிகளையும் சேர்த்த மொத்தச் சதவீதத்தைக் காணலாம். அது நான்கு சதவீதங்களின் சராசரி அல்ல என்பதை அவர் கண்டுபிடித்தால் அன்றைய பாடத்தைவிட ஒருபடி மேலே போய்விட்டார்.

சென்னைப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பாடத்தின் ஆறேழு முக்கியச் சொற்களைப் படத்தோடு பலகையின் இடது பக்கத்தில் எழுதிவைத்தால், அது தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் உதவுகிறது.

ஆண்டுத் திட்டமும் மழையும்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 கற்பித்தல் மணிநேரம் என்கிறது. அதே அட்டவணை, ஆசிரியரின் வாரப் பணிநேரத்தை ஆயத்த நேரத்தையும் சேர்த்து 45 மணி என்றும் சொல்கிறது. ஆயத்தம் என்பது வேலையின் பகுதி; வீட்டில் இரவு பதினொரு மணிக்குச் செய்யவேண்டிய தண்டனை அன்று. இதை ஆசிரியர் அறையில் சற்று உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

ஜூன் மாதம் நாள்காட்டியை எடுத்துத் தேர்வு நாள்களையும் விழாக்களையும் அடித்துவிட்டு, மிஞ்சும் பாடவேளைகளை எண்ணுங்கள். நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் புயல், மழை விடுமுறைக்காக ஒரு வாரத்துப் பாடவேளைகளை வெற்றாக விடுங்கள். விடுமுறை வராவிட்டால் குறைதீர் கற்றலுக்கு அவை உதவும். வெயில் வேண்டிய சோதனைகளை ஜூலை, ஆகஸ்டுக்கும், மழையையும் ஈரப்பதத்தையும் பற்றியவற்றை அக்டோபருக்கும் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முப்பருவ முறையில் பாடங்களைப் பருவம் தாண்டி மாற்ற இயலாது. பருவத்துக்குள் முன்பின்னாக வைக்கப் பெரும்பாலும் தடை இருப்பதில்லை. வளரறி மதிப்பீட்டுக்குரிய (கற்றலின் போக்கிலேயே செய்யும் மதிப்பீடு) செயல்பாட்டைத் தனியாகத் தேடி அலையவும் வேண்டாம். ஏரிக் கணக்கும் நிழல் அளவையும் பெயர்ப்பலகைத் தொகுப்பும் அதற்கே பொருந்தும்.

மணி அடித்த பிறகு

கால்தாள்களை அன்றே பாருங்கள். மதிப்பெண் போடவேண்டாம், திருத்தவும் வேண்டாம். மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்: சரியான விடையும் சரியான காரணமும், சரியான விடை ஆனால் காரணம் தவறு, விடையே தவறு. நாற்பது தாளுக்குப் பத்து நிமிடம் ஆகும். நடு அடுக்குதான் கவனத்திற்குரியது. தேர்வில் அவர்கள் தப்பித்துக்கொண்டே வருவார்கள், அடுத்த வகுப்பில் மாட்டிக்கொள்வார்கள். மூன்றாம் அடுக்கில் பாதிக்கு மேல் சேர்ந்தால் நாளைய குறிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு இன்றைய பாடத்தை வேறு எடுத்துக்காட்டோடு மீண்டும் நடத்துங்கள்.

பிறகு குறிப்பேட்டைத் திறந்து, ஓரத்தில் சிவப்பு மையால் இரண்டே வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே வகுப்பைப் பெறும் ஆசிரியர் உங்களிடம் குறிப்பேட்டைக் கேட்டால், தேதியை மாற்றிப் படியெடுக்க அல்லாமல் அந்தச் சிவப்பு வரிகளுக்காகக் கேட்கவேண்டும். சதவீதப் பாடத்தின் ஓரத்தில் நான் எழுதிவைத்திருப்பது இது: "வாதத்திற்கு இரண்டு நிமிடம் போதவில்லை, நான்கு கொடுக்கவும். நீலச் சுண்ணக்கட்டி கடைசி வரிசைக்குத் தெரியவில்லை. ஏரித் தண்ணீரை மஞ்சளில் வரையவும், சிரிப்பார்கள், பரவாயில்லை."